ஏழு சீட்டு, ஒரே வயிற்றுவலி

மருத்துவமனை ரெக்கார்ட்ஸ் பிரிவில் வேலை பார்த்த எங்கள் பழைய ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கமும் ரோஜாப்பூவும்தான் அதில் அதிகம். போன வாரம் செல்வி ஒரு செய்தி போட்டிருந்தாள். எங்களோடு வேலை பார்த்துவிட்டு இப்போது ஈக்காட்டுத்தாங்கலில், அமெரிக்க மருத்துவமனைகளுக்குக் கோடிங் செய்யும் கம்பெனியில் இருப்பவள். பெல்விக் வலிக்கு, அதாவது அடிவயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்புக்குள் வருகிற வலிக்கு, இனிமேல் வலது, இடது என்று தனித்தனி கோடு, அதாவது நோய்க்கான எண், வந்துவிட்டதாம். விலா வலிக்கும் புதிதாக வந்திருக்கிறதாம். "தலை சுத்துது சார்" என்று முடித்திருந்தாள். கூடவே இன்னொருவர், "உங்க காலத்துல ஈஸியா இருந்திருக்கும் இல்ல சார்? எல்லா வயித்துவலிக்கும் ஒரே கோடு" என்று ஒரு சிரிப்புப் பொம்மையையும் சேர்த்து அனுப்பினார்.

எனக்குச் சுருக்கென்றது. நக்கல் என்பதால் இல்லை. எல்லா வயிற்றுவலிக்கும் ஒரே கோடு போட்ட ஆசாமி நிஜமாகவே நான்தான் என்பதால்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் என்ன நோய் என்று டாக்டர் எழுதுவார். அந்த எழுத்தைப் படித்து, உலகம் முழுக்கப் பொதுவாக உள்ள ஒரு பட்டியலிலிருந்து அதற்குரிய எண்ணைப் போடுகிறவர் கோடர். கம்ப்யூட்டருக்கு டாக்டரின் கையெழுத்து புரியாது. எங்களுக்கும் முக்கால்வாசி புரியாது, ஆனால் எங்களுக்கு அதற்குத்தான் சம்பளம்.

நான் இந்த வேலைக்கு வந்ததே குறுக்கு வழியில். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் கிடங்கில் பதினாறு வருஷம் புடவைக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தவன் நான். கடை கைமாறியது, வேலை போயிற்று. நங்கநல்லூரில் எங்கள் தெருவில் இருந்த ஒருவர், "நம்பர் போடத் தெரியுமில்ல? ஆஸ்பத்திரில போடறியா?" என்று கேட்டார். ஆறு மாதம் மாலை வகுப்பு, ஒரு சான்றிதழ், அவ்வளவுதான் என் படிப்பு. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, மயிலாப்பூரில் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் போய் உட்கார்ந்தேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம்.

அங்கே எனக்கு மேலதிகாரி வசுமதி மேடம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மயிலாப்பூரிலேயே பிறந்து, மயிலாப்பூரிலேயே வளர்ந்து, அடையாறு பாலத்தைத் தாண்டுவதையே வெளியூர்ப் பயணமாக நினைப்பவர். என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் அதே சார்தான், கொஞ்சம் நீளமாக வரும். அவருக்கென்று கொடுத்த சுழல் நாற்காலியில் எப்போதும் ஃபைல்கள்தான் உட்கார்ந்திருக்கும். அவர் ஒரு முக்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பிளாஸ்க் வெந்நீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறப்பார். நாங்களெல்லாம் டாக்டர் எழுதிய சுருக்கத்தைப் பார்த்துக் கோடு போடுவோம். அவர் நர்ஸ் எழுதியதை முதலில் படிப்பார். நர்ஸ் எழுதியதை வைத்துக் கோடு போடக் கூடாது, அது விதி. "ஆனா படிக்கப்படாதுன்னு எந்த விதி சார் சொல்றது?" என்பார்.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு ஃபைலைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"சார், இது யாரோட வயிறு?"

"பேஷண்டோட வயிறு மேடம்."

"அவருக்கு மேல் வயிறு, கீழ் வயிறெல்லாம் கிடையாதா? மொத்தமா ஒரே வயிறுதானா?"

பட்டியலில் வயிற்றுவலிக்கு, ஆங்கில எழுத்து 'ஆர்' சேர்த்து, ஆர் 10 என்று ஒரு வகை. மேல்வயிறு என்றால் புள்ளி ஒன்று. பெல்விக் என்றால் இரண்டு. அடிவயிற்றின் மற்ற இடங்கள் மூன்று. எங்கே வலி என்று டாக்டர் எழுதவே இல்லை என்றால் நாலு, அதாவது 'இன்னதென்று குறிப்பிடப்படாத வயிற்றுவலி'. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால் இந்த ஆர் வரிசைக்கே வேலை இல்லை, நோயின் எண் வந்துவிடும். டாக்டர் மேல்வயிறு என்று எழுதியிருந்த இடத்தில் நான் நாலு போட்டிருந்தேன். அசடு வழிந்தேன்.

எழுதாமல் விட்டிருந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டும். அதற்கு ஒரு துண்டுச் சீட்டு உண்டு. வசுமதி மேடம் அதை இளஞ்சிவப்புக் காகிதத்தில் எழுதி, குண்டூசியால்தான் குத்துவார். ஸ்டேப்ளர் போட்டால் டாக்டர் பிய்க்கும்போது ஃபைல் கிழியுமாம். மருத்துவமனை முழுக்க அதற்கு 'வசுமதியின் லவ் லெட்டர்' என்று பெயர். அந்தச் சீட்டுக்கு ஒரு கண்டிப்பான இலக்கணம் வைத்திருந்தார். கேள்வி மட்டும்தான் இருக்க வேண்டும். "இது அப்பெண்டிக்ஸா டாக்டர்?" என்று கேட்கவே கூடாது. "வலி எந்த இடம் என்று பதியப்படவில்லை. தயவுசெய்து குறிப்பிடவும்." அவ்வளவுதான். "பதிலைத் தூக்கிக் கேள்விக்குள்ள வைக்கப்படாது சார். நாம டாக்டர் இல்லை. படிக்கத் தெரிஞ்சவா, அவ்வளவுதான்."

ஒரு வருஷத்தில் நான் தேறிவிட்டேன் என்று நினைத்து, அவசரப் பிரிவின் வெளிநோயாளிச் சீட்டுகளை முழுக்க என் பொறுப்பில் விட்டார். உள்நோயாளி ஃபைல்களை அவர் சரிபார்ப்பார், இவற்றைப் பார்க்கமாட்டார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. தினமும் காலையில் கயிறு கட்டிய கட்டாக முந்தைய நாளின் சீட்டுகள் வரும். எனக்குக் கிடங்குப் புத்தி போகவில்லை. கிடங்கில் ஒரே ரகப் புடவையை ஒன்றாக அடுக்கிவிட்டு மொத்தமாக நம்பர் ஒட்டுவோம், வேலை சீக்கிரம் முடியும். அதே மாதிரி காய்ச்சலெல்லாம் ஒரு அடுக்கு, அடிபட்டதெல்லாம் ஒரு அடுக்கு, வயிற்றுவலியெல்லாம் ஒரு அடுக்கு. வயிற்றுவலி அடுக்கை எடுத்து, மேலேயிருந்து கீழேவரை மளமளவென்று 10.4 போட்டு, ஓரத்தில் என் இனிஷியல். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கட்டு காலி. வேகமான ஆள் என்று எனக்குப் பெயர் வேறு.

கஸ்தூரி வந்தது ஒரு காலை நேரத்தில். பெயரை மாற்றியிருக்கிறேன். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள், முப்பது வயதிருக்கும். கூடையை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். எங்கள் கவுண்டரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், என் சீட்டுல இன்னா எழுதிக்கீறீங்க நீங்க?"

"நாங்க எழுதறதில்லம்மா. டாக்டர்தான் எழுதுவார்."

"டாக்டரு எங்க சார் என்னைப் பாக்குறாரு? கம்பூட்டரைத்தான் பாக்குறாரு. பாத்துட்டு, 'உனக்கு எப்பவும் இதேதாம்மா, ஒண்ணும் இல்ல'ன்னு ஒரு ஊசி போட்டு அனுப்பிச்சுடுறாரு. ஒவ்வொரு தபாவும் வேற வேற டாக்டரு. ஆனா அல்லாரும் அதே பாட்டத்தான் பாடுறாங்கோ. அந்தக் கம்பூட்டர்ல அப்பிடி இன்னாதான் கீது?"

நான் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவேண்டும், இரண்டு நாள் ஆகும் என்று வழக்கமான பாட்டைப் பாடினேன்.

"ரெண்டு நாளா? சார், எம் மாமியா இன்னா சொல்லுது தெரிமா? ஆஸ்பத்திரிக்காரனே ஒண்ணும் இல்லன்றான், இவ வேலைக்கு டிமிக்கி குடுத்துக்கினு கீறான்னு. எம் புருசனும் அதையே புடிச்சிக்கினான். இந்தத் தபாவும் ஒண்ணும் இல்லன்னு வந்தியானா உங்கம்மா வூட்டுக்கே பூடு, பொண்ண நாங்க பாத்துக்கிறோன்றான். எம் பொண்ணுக்கு நாலு வயசு சார். எனக்கு இன்னா கீதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. வாங்காம நான் போ மாட்டேன்."

போகவில்லை. எதிரே இருந்த பெஞ்சில், வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சரி, எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று அவள் சீட்டுகளைத் தேடினேன். ஏழு இருந்தன. ஏழிலும் 10.4. ஏழிலும் என் இனிஷியல். பிறகுதான் எனக்கு உறைத்தது. அவசரப் பிரிவில் நோயாளியின் பெயரைத் தட்டினால், முன்பு வந்தபோது என்ன நோய் என்று திரையில் வரிசையாக வரும். அந்த வரிசை நாங்கள் போடுகிற கோடிலிருந்துதான் வருகிறது. இன்னதென்று குறிப்பிடப்படாத வயிற்றுவலி, அதற்குக் கீழே மறுபடியும் இன்னதென்று குறிப்பிடப்படாத வயிற்றுவலி, இப்படி ஏழு வரி. புதிதாக டியூட்டிக்கு வருகிற எந்த டாக்டருக்கும் அதைப் பார்த்தால் என்ன தோன்றும்? கஸ்தூரி சொன்ன அந்தப் பாட்டை எழுதிக் கொடுத்தவன் நான்.

முதல்முறையாகச் சீட்டுகளைப் படித்தேன். இரண்டில் டாக்டர், வலது அடிவயிறு என்பதற்கான சுருக்கெழுத்தைக் கிறுக்கியிருந்தார். அது 10.3. நான் பார்க்கவே இல்லை. மற்ற ஐந்தில் டாக்டர் வெறும் வயிற்றுவலி என்றுதான் எழுதியிருந்தார். ஆனால் ஏழு சீட்டின் பின்பக்கத்திலும் நர்ஸ் மேரி சிஸ்டரின் முத்து முத்தான எழுத்து: 'வலது அடிவயிறு. மாதவிலக்கு, இரண்டாம் நாள்.'

இதை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பின்பக்கத்தை நான் பார்க்காதவன் இல்லை. ஓரிரு முறை கண்ணில் பட்டிருக்கிறது. மாதவிலக்கு என்ற வார்த்தையைப் பார்த்ததும் சட்டென்று சீட்டைத் திருப்பிவிடுவேன். கூச்சம். அம்மா, இரண்டு அக்கா, மனைவி என்று பெண்கள் நடுவிலேயே வாழ்ந்தவன்தான். ஆனால் எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பெண்கள் சமாசாரத்தை ஆம்பளை படிப்பானேன் என்று, சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கிற வேலையில் உட்கார்ந்துகொண்டு நினைத்திருக்கிறேன். இன்றைக்கு எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பதற்றத்தில் இன்னொரு காரியம் செய்யப் போனேன். பேனாவை எடுத்து, ஏழிலும் இருந்த 10.4-ஐ அடித்துவிட்டு மாதவிலக்கு வலிக்குரிய எண்ணைப் போட ஆரம்பித்தேன். ஒரு கை வந்து பேனாவைப் பிடித்தது.

"சார், நீங்க எப்போ எம்.பி.பி.எஸ். பாஸ் பண்ணேள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். கூச்சத்தைக்கூடச் சொன்னேன். வசுமதி மேடம் கத்தவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏழு சீட்டையும் முன்னும் பின்னும் படித்தார். அவர் முகம் சிவந்துபோயிருந்தது. ஃபைல் கிழிந்திருந்தால்கூட அப்படிச் சிவக்காது.

"டாக்டர் இடம் எழுதின ரெண்டை மாத்துங்கோ. பழைய எண்ணுக்குக் குறுக்கே ஒத்தைக் கோடு கிழிச்சு, பக்கத்துல தேதி போட்டு, கையெழுத்துப் போடுங்கோ. தப்பு தெரியற மாதிரி அடிக்கணும், கிறுக்கி மறைக்கப்படாது. மத்த அஞ்சுல கைவைக்க நமக்கு அதிகாரம் இல்லை."

"அந்த டியூட்டி டாக்டர்கள் எல்லாம் வேலையை விட்டுப் போயாச்சு மேடம். யார்கிட்ட கேக்கறது?"

அவர் சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கினார். வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தார். "வாங்கோ" என்று கிளம்பினார். குண்டூசி, இளஞ்சிவப்புக் காகிதம் எதையும் எடுக்கவில்லை.

மகளிர் பிரிவின் தலைமை டாக்டரம்மாவிடம் போனோம். நல்ல கைராசிக்காரர், நல்ல கோபக்காரரும்கூட. வெளிநோயாளிகள் வரிசை மாடிப்படிவரை நின்றது.

"என்ன வசுமதி, எப்பவும் லெட்டர்தானே வரும்? இன்னிக்கு நீங்களே வந்துட்டீங்க. சீக்கிரம் சொல்லுங்க, வெளியில எவ்ளோ பேர் பாருங்க."

வசுமதி மேடம் ஏழு சீட்டையும் மேஜையில் இடமிருந்து வலமாகப் பரப்பினார், பின்பக்கம் மேலே தெரிகிற மாதிரி. "ஒரே பேஷண்ட், டாக்டர். தேதி வரிசையா வெச்சிருக்கேன். இதுக்கெல்லாம் குறிப்பிடாத வயித்துவலின்னு போட்டிருக்கோம். சரியான்னு நீங்கதான் சொல்லணும்."

நோயின் பெயர் எனக்கே நாக்கு நுனியில் நின்றது. மேடத்துக்குத் தெரியாதா? ஆனால் தன் சீட்டு இலக்கணத்தை அவர் மீறவில்லை. கேள்வியில் பதில் இல்லை.

"கோட் சரியான்னு கேக்கவா இப்ப வந்தீங்க?" என்று டாக்டரம்மா எரிச்சலோடு முதல் சீட்டைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதில் வேகம் குறைந்தது. விரலை வைத்துத் தேதிகளை எண்ணினார். இருபத்தெட்டு நாள், இருபத்தேழு, இருபத்தொன்பது. ஒவ்வொரு டாக்டரும் ஒரே ஒரு சீட்டைத்தான் பார்த்திருக்கிறார். ஏழையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அந்த அறையில் இருந்த நாங்கள் மூன்று பேர் மட்டும்தான்.

"இந்தப் பொண்ணு எங்க?"

"எங்க கவுண்டர் எதிர்ல உக்காந்திருக்கா டாக்டர். காலையிலேர்ந்து."

"காலையிலேர்ந்து உக்கார வெச்சிட்டு எனக்கு கோட் பத்திப் பாடம் எடுக்கறீங்களா? கூட்டிட்டு வாங்க!"

நான் படியில் ஓடினேன். அதற்குப் பிறகு நான் அப்படி ஓடியதில்லை.

ஸ்கேனில் வலது சினைப்பையில் கட்டி தெரிந்தது. அடுத்த வாரம் உள்ளே கேமரா விட்டு ஆபரேஷன் செய்தார்கள். கருப்பைக்குள் இருக்கவேண்டிய திசு சினைப்பையில் வளர்ந்து, மாதவிலக்கு வரும்போதெல்லாம் அங்கேயும் ரத்தம் கசிந்து கட்டியாகிவிட்டிருந்தது. டிஸ்சார்ஜ் ஃபைல் எங்களிடம் வந்தபோது வசுமதி மேடம் அதை என் பக்கம் நகர்த்தினார். "நீங்களே போடுங்கோ." அகரவரிசைப் புத்தகத்தில் நோயின் பெயரைத் தேடி, பட்டியல் புத்தகத்தில் சரிபார்த்து, ஆங்கில எழுத்து 'என்' சேர்த்து 80.1 என்று போட்டேன். ஒரே ஒரு எண்ணுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துக் கஸ்தூரி தன் பேப்பருக்கு வந்தாள். தனியாக வரவில்லை. பின்னாலேயே வெற்றிலை மென்றுகொண்டு ஒரு கிழவி. பார்த்தவுடன் தெரிந்தது, மாமியார். எங்கள் நடையில் அந்நேரம் முப்பது பேராவது நின்றிருப்பார்கள்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலைக் கம்பி வழியாக நீட்டினேன். கஸ்தூரி வாங்கவில்லை.

"படி சார்."

"தமிழ்ல எழுதித் தரேம்மா, வீட்ல போய்..."

"இங்கியே படி. சத்தமாப் படி. எம் மாமியாக்கு காது கேக்காது."

கிழவி கம்பிக்கு அருகில் வந்து காதைக் கொடுத்தாள். "இன்னா நைனா எழுதிக்கீது?"

திரும்பி வசுமதி மேடத்தைப் பார்த்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து ஒரு ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

படித்தேன். முதலில் முனகினேன், கிழவி "ஆங்?" என்றாள். அப்புறம் நடை முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தேன். கருப்பை என்றேன், சினைப்பை என்றேன், மாதவிலக்கு என்றேன். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே கட்டி இருந்தது, அதனால்தான் மாதாமாதம் அந்த வலி, அது நடிப்பு இல்லை, நிஜமான நோய் என்றேன். கடைசி வார்த்தைகள் பேப்பரில் இல்லாதவை. விதிப்படி தப்பு. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

"ஏழு தடவையும் குறிப்பா ஒண்ணும் இல்லன்னு போட்டது நான்தான்மா. டாக்டர் இல்ல. நான்தான். படிக்காம போட்டுட்டேன்."

கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானா அது?" என்றாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. மருமகள் பக்கம் திரும்பினாள். "கூட எங்க வெச்சிக்கீற?" என்று கேட்டாள். "வாட்ச்மேன்கிட்ட" என்றாள் கஸ்தூரி. "நீ தூக்காத. நான் எட்த்துக்கிறேன், வா" என்று சொல்லிவிட்டுக் கிழவி முன்னால் நடந்தாள்.

கஸ்தூரி பேப்பரை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "இனிமே எவளாவது வந்தா, எங்க வலிக்குதுன்னு கேளு சார்" என்றாள். அடுத்த மாதம் எங்களுக்கு ஒரு பை நிறைய வஞ்சிரம் கொண்டுவந்து, நேராக வசுமதி மேடத்தின் கையில் கொடுத்தாள். பூண்டே சேர்க்காத மனுஷி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ்டிம்மா" என்று வாங்கிக்கொண்டார். அவள் தலை மறைந்ததும், "சார், இதை உடனே உங்காத்துக்கு எடுத்துண்டு போங்கோ, இன்னிக்கு உங்களுக்கு அரை நாள் லீவு" என்றார். நான் கேட்காமலே அவர் கொடுத்த ஒரே லீவு அது.

அதற்குப் பிறகு நான் அடுக்குப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு சீட்டாக, பின்பக்கத்திலிருந்து படித்தேன். வேகமான ஆள் என்ற பெயர் போயிற்று. நான் ஓய்வு பெற்ற அன்று, மாலையும் சால்வையும் முடிந்த பிறகு, வசுமதி மேடம் என் சட்டைப்பையில் ஒரு இளஞ்சிவப்புச் சீட்டைக் குண்டூசியால் குத்திவிட்டார். 'நாளை முதல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று பதியப்படவில்லை. தயவுசெய்து குறிப்பிடவும்.' இன்னும் பதில் எழுதவில்லை. சீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

இதை எழுதுவதற்கு முன் கஸ்தூரிக்குப் போன் செய்தேன். நடந்ததை எழுதலாமா என்று கேட்கத்தான். பேச்சோடு பேச்சாக, வலிக்கு வலது பக்கம், இடது பக்கம் என்று புது நம்பர் வந்துவிட்டதையும் சொன்னேன்.

"என் வலி பூட்டு எம்மா வருசம் ஆச்சி, இப்பத்தான் எந்தப் பக்கம்னு கேக்குறானுங்களா?" என்று சிரித்தாள். பெண் கல்லூரியில் படிக்கிறாளாம். மாமியார் இருக்கிறாளா என்று கேட்டேன்.

"கீதே. இப்ப சுத்தமாவே காது கேக்கல. நீ எழுது சார். பேர மட்டும் மாத்திக்க. மத்ததெல்லாம் அன்னிக்குப் படிச்ச மாதிரியே, சத்தமா எழுது."

எழுதிவிட்டேன்.